ஒரு லிட்டர் தண்ணீரும் பதினோரு வேகத்தடைகளும்

ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்க முடியாது என்று முதலில் சொன்னவர் யாரோ தெரியாது. ஆனால் அவர் டிரைவிங் ஸ்கூல் காரில், ஒரு லிட்டர் தண்ணீரை வயிற்றில் சுமந்துகொண்டு, பக்கத்தில் மாமியார் கியர் தேடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவர் இல்லை. உட்கார்ந்திருந்தால் இன்னும் கொஞ்சம் காட்டமாகவே சொல்லியிருப்பார்.

நம் பிரேக் டீச்சர் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள்.

பன்னிரண்டு வருஷமாகப் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுத்தருகிறாள். பயிற்சிக் காரில் டீச்சர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அந்த பிரேக்கும் அவளுடைய வலது காலும் பிறவியிலேயே ஒட்டிக்கொண்டவை என்று படிக்க வருபவர்கள் சொல்வார்கள். தெருமுனையில் நாய் வாலை ஆட்டினால் போதும், டீச்சரின் கால் பிரேக்கில் இருக்கும். அவளிடம் படித்தவர்கள் யாரும் ஒரு கோழியைக்கூட இடித்ததில்லை. அந்தப் பெருமையில் பாதி அந்தக் காலுக்குச் சேரவேண்டும். அதே காலால் ஒரு பெரிய தப்பும் நடந்துகொண்டிருந்தது. அது அப்போது யாருக்கும் தெரியாது.

மூன்று மாதத்துக்கு முன்னால், ஒரு வேகத்தடையில் கார் ஏறி இறங்கியபோது, டீச்சருக்கு வலப்பக்க அடிவயிற்றில் சுருக்கென்றது. அடுத்த வேகத்தடையில் இன்னொரு சுருக். ஒரு வாரம் யோசித்துவிட்டுக் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். வலது கால், வலது பக்கம், நாள் முழுக்க பிரேக்கை மிதிக்கிற வேலை. பிறகென்ன? மெக்கானிக்கிடம் போய் பிரேக்குக்கு கிரீஸ் போடச் சொன்னாள். வலி போகவில்லை. ஸ்பிரிங்கை மாற்றச் சொன்னாள். மாற்றினான். பிரேக் வெண்ணெய் மாதிரி ஆனது, வலி அப்படியே இருந்தது. மூன்றாவது தடவை போனபோது மெக்கானிக், "அக்கா, இந்த பிரேக்குக்கு ஒண்ணுமில்ல, உங்களுக்குத்தான் ஏதோ இருக்கு" என்று சொல்லிவிட்டான். வலி இவளுக்கு, வைத்தியம் காருக்கு என்றால் அவனும் எத்தனை நாள்தான் பொறுப்பான்!

மாதவிலக்கும் கோளாறு பண்ணியது. ஒரு மாதம் இருபது நாள் தாமதம். அப்புறம் வந்தது, வந்த விருந்தாளி பெட்டியைப் பிரித்து அடுக்கிவைத்த மாதிரி பத்து நாள் தங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் பெண்கள் டாக்டரிடம் போனாள். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்து, "ஒரு ஸ்கேன் எடுத்துடலாம்" என்று சீட்டு எழுதிக்கொடுத்தார். ஒரு மணி நேரம் முன்னால் ஒரு லிட்டர் தண்ணீர் குடித்து, சிறுநீரை அடக்கிக்கொண்டு வரவேண்டும் என்று சீட்டிலேயே அச்சடித்திருந்தது.

டீச்சர் அந்தச் சீட்டை நாலாக மடித்து, காரில் கண்ணுக்கு வெயில் படாமல் மடக்கிவிடும் பலகைக்குப் பின்னால் செருகிவைத்தாள்.

பயம்தான், வேறென்ன? அவளுடைய சித்தி ஒருத்தி வயிற்றுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போய், கர்ப்பப்பையை எடுத்துவிட்டுத் திரும்பிவந்தாள். ஏன், எதற்கு என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பெரியவர்கள் குசுகுசுவென்று பேசுவார்கள், பிள்ளைகள் வந்தால் நிறுத்திவிடுவார்கள். டீச்சருக்கு இப்போது முப்பத்துநாலு வயது. அவளும் கணவனும் குழந்தையைப் பற்றிப் பேச ஆரம்பித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கணவன் லாரி ஓட்டுகிறவன், வாரத்தில் நாலு நாள் வெளியூர், பேச்செல்லாம் போனில்தான். 'ஸ்கேன் எடுத்தால் எனக்கும் எடுக்கச் சொல்லிவிடுவார்கள்' என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். பார்க்காவிட்டால் இல்லை என்று ஆகிவிடுமா? பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா? இதெல்லாம் அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் இரண்டு தடவை தப்பித்தாள். முதல் தடவை, கிளாஸ் இருக்கிறது என்றாள். இரண்டாம் தடவை தண்ணீரெல்லாம் குடித்து, ஆஸ்பத்திரி வாசல் வரை போய், பெயர்ப்பலகையைப் பார்த்ததும் திரும்பி, பக்கத்துப் பெட்ரோல் பங்க்கின் கழிப்பறையில் லிட்டரைக் காலிசெய்துவிட்டு வீட்டுக்கு வந்து, "மெஷின் ரிப்பேர் அத்தை" என்றாள்.

அத்தை என்பது மாமியார். முப்பத்துமூன்று வருஷம் நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அங்கே யாரையும் சத்தமாகப் பேசவிட்டதில்லை, தானும் பேசியதில்லை. வீட்டில் தீப்பிடித்தால்கூட, "கொஞ்சம் இங்க வர்றியா" என்றுதான் கூப்பிடுவார். ஒரு துண்டுச் சீட்டு எந்தப் புத்தகத்துக்குள் எத்தனை வருஷம் கிடந்தாலும் கண்டுபிடித்துவிடுகிற கை அவருக்கு. அந்தக் கைக்கு வெயில் பலகை எம்மாத்திரம்!

இந்த மாமியார்தான் நாலு மாதத்துக்கு முன்னால் திடீரென்று, ஐம்பத்தெட்டு வயதில், "எனக்குக் கார் ஓட்டக் கத்துக்குடு" என்று வந்து நின்றார். ஏன் என்று கேட்டதற்கு, "தோணிச்சு" என்றார். மகன் போனில் விழுந்து விழுந்து சிரித்தான். கிளாஸில் ஒரு ஒழுங்கு வைத்திருந்தார்: சீட் பெல்ட் போட்டுவிட்டால் மருமகள் 'டீச்சர், நீங்க'. பெல்ட்டைக் கழற்றிவிட்டால் 'ஏம்மா, நீ'. இதில் மட்டும் ஒரு நாளும் தவறவில்லை. மற்ற எல்லாவற்றிலும் தவறினார். லைசென்ஸ் டெஸ்ட்டில் மூன்று தடவை தோற்றார். மூன்று தடவையும் ஒரே பீப்பாய். மைதானத்தில் திருப்பத்தில் வைத்திருக்கும் அந்தத் தகரப் பீப்பாயை நேராகப் போய் இடித்துவிட்டு, "மன்னிக்கணும்" என்று அதிகாரியிடம் மெதுவாகச் சொல்வார். இத்தனை மாதம் சொல்லிக்கொடுத்தும் ஏன் இப்படி என்று டீச்சர் மண்டையை உடைத்துக்கொண்டாள்.

அன்று காலை பத்து மணிக்கு மாமியார் இரண்டு பாட்டிலோடு வந்தார்.

"இன்னைக்கு எனக்கு டபுள் கிளாஸ். பத்துல இருந்து பன்னண்டு வரைக்கும் ஆபீஸ்ல எழுதிட்டு வந்துட்டேன். நீ இதைக் குடி."

"எதுக்கு அத்தை இவ்வளவு தண்ணி?"

மாமியார் நாலாக மடித்த சீட்டை மேசைமேல் வைத்து, உள்ளங்கையால் நீவிவிட்டார்.

"மெஷின் ரிப்பேர்னு சொன்னியே, நான் போன் பண்ணிக் கேட்டேன். அந்த மெஷின் ரெண்டு வருஷமா ஒரு நாள்கூடப் படுக்கலையாம். பதினொண்ணே காலுக்கு நேரம் வாங்கியிருக்கேன். குடி."

கையும் களவுமாகப் பிடிபட்டுவிட்டாள். குடித்தாள். மாமியாரும் எதிரே உட்கார்ந்து தன் பாட்டிலை மடக் மடக்கென்று குடித்தார்.

"நீங்க எதுக்கு அத்தை?"

"தாகம்" என்றார் மாமியார்.

பத்தே முக்காலுக்குக் கிளம்பினார்கள். கிளம்பும்வரை டீச்சர் தானே ஓட்டிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாள். டிரைவர் சீட்டில் ஏறி கிளட்ச்சை மிதிக்க இடது காலைத் தூக்கினாள். தூக்கிய வேகத்தில் கீழே வைத்துவிட்டாள். அந்தக் காலைத் தூக்கினால் என்ன ஆகும் என்பது அவளுக்கு ஒரே நொடியில் தெளிவாகப் புரிந்துவிட்டது. இறங்கிப் போய்த் தன் வழக்கமான சீட்டில் உட்கார்ந்து, காலுக்கு மேல் காலைப் போட்டு இறுக்கிக்கொண்டாள். மாமியார் பெல்ட்டைப் போட்டார்.

"போலாமா டீச்சர்?"

"மெதுவா போங்க அத்தை. ரொம்ப மெதுவா."

ஆஸ்பத்திரிக்கு ஆறு கிலோமீட்டர். வழியில் பதினோரு வேகத்தடைகள். ஒவ்வொன்றும் டீச்சருக்கு அத்துப்படி.

முதல் வேகத்தடையில் கார் பூப்போல ஏறிப் பூப்போல இறங்கியது. டீச்சர் மூச்சை விட்டாள். இரண்டாவதில் மாமியார் வேகத்தடையைப் பார்த்தார், ஆனால் அது தனக்குச் சம்பந்தமில்லாதது போல ஏறிவிட்டார். வயிற்றுக்குள் ஒரு குடம் குலுங்கியது. அடிவயிறு சுருக்கென்றது. "அம்மாடி!" என்றாள் டீச்சர். "மன்னிக்கணும்" என்றார் மாமியார்.

நாலாவது தாண்டியதும் முன்னால் ஒரு தண்ணீர் லாரி வந்து சேர்ந்தது. அதன் பின்பக்கக் குழாய் சரியாக மூடவில்லை. சளசளவென்று ஒரே சீராக, ரோடு நெடுக ஊற்றிக்கொண்டே போனது. உலகத்தில் எத்தனையோ லாரி இருக்க, இது ஏன் இங்கே வரவேண்டும்?

"அந்தப் பக்கம் பாக்காதீங்க டீச்சர்."

"பாக்கல. ஆனா கேக்குதே அத்தை!"

"நான் ரேடியோ போடட்டுமா?"

"நீங்க ஸ்டியரிங்ல இருந்து கையை எடுக்காதீங்க!"

டீச்சர் சன்னலை ஏற்றினாள். கண்ணை மூடினாள். மூடினால் அருவி தெரிந்தது, திறந்துவிட்டாள்.

ஏழாவது வேகத்தடை ஒரு பள்ளிக்கூட வாசலில். தண்ணீர் லாரி அதன் முன்னால் சட்டென்று நின்றது. பின்னால் வந்த இவர்கள் கார் நிற்கவில்லை. டீச்சரின் வலது கால் பிரேக்குக்குப் போகத் துடித்தது. போகவேண்டும் என்றால் முதலில் இடது காலின் மேலிருந்து இறங்கவேண்டும். இறங்கினால் கதை கந்தல். ஒரு பக்கம் லாரி, ஒரு பக்கம் லிட்டர். பன்னிரண்டு வருஷத்தில் முதன்முறையாக அந்தக் கால் அசையாமல் இருந்தது.

"அத்தை!" என்று கத்தினாள்.

கார் நின்றது. லாரியின் குழாய்க்கும் காருக்கும் நடுவில் ஒரு முழம் இடம் இருந்தது. குழாய்த் தண்ணீர் காரின் மூக்கில் தெறித்துக்கொண்டிருந்தது.



"தேங்க்ஸ் டீச்சர்" என்றார் மாமியார். "சரியான நேரத்துல போட்டீங்க."

"நான் போடல அத்தை."

"பின்ன யாரு போட்டா?"

டீச்சர் தன் காலைக் காட்டினாள். அது முடிச்சுப் போட்டது போட்டபடி இருந்தது. மாமியார் குனிந்து தன் காலைப் பார்த்தார். அது பிரேக்கின் மேல் அழுத்தமாக இருந்தது. யாரோ கடன் கொடுத்த காலைப் பார்ப்பது போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானா? நானா போட்டேன்?"

"நீங்கதான்."

"இதுவரைக்கும் நான் பிரேக்கே போட்டதில்ல டீச்சர். நான் போடணும்னு நினைக்கிறதுக்குள்ள தானா நின்னுடும். இந்த வண்டியே அப்படித்தான்னு நினைச்சேன்."

டீச்சருக்கு அந்தத் தகரப் பீப்பாய் கண்முன்னால் வந்து நின்றது. டெஸ்ட்டுக்கு எடுத்துப்போவது வேறு கார். அதில் ஒரே ஒரு பிரேக்தான். நாலு மாதமாக மாமியாருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்ததாக நினைத்துக்கொண்டு, நிறுத்துகிற பாதியைத் தானே செய்துகொண்டிருந்திருக்கிறாள்! பீப்பாய் என்ன, தானாகவா விலகிப் போகும்? சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தால் ஆபத்து. அடக்கினால் அதைவிட ஆபத்து. "அத்தை, சிரிக்க வைக்காதீங்க, சிரிக்க வைக்காதீங்க" என்று சீட்டில் முட்டிக்கொண்டு சிரித்தாள். சத்தம் போடாத மாமியார் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து, தோள் குலுங்க, கண்ணில் நீர் வர, ஊமையாகச் சிரித்தார். அவருடைய முழங்கால்களும் ஏனோ ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. டீச்சர் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை.

மிச்சம் நாலு வேகத்தடைகளையும் மாமியார் தானே பிரேக் போட்டுத் தாண்டினார். ஒவ்வொன்றுக்கும், "இதுவும் நான்தானே?" என்று கேட்டுக்கொண்டார்.

ஸ்கேன் அறைக்கு வெளியே ஒரு நீள பெஞ்ச். அதில் எட்டுப் பெண்கள், எட்டுப் பேரும் முழங்காலைச் சேர்த்துக்கொண்டு, மெதுவாக முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. சுவரோரமாக ஒரு போலீஸ்காரம்மா யூனிஃபார்மோடு விறைப்பாக நின்றிருந்தார். விறைப்பு உத்தியோகத்தால் வந்தது இல்லை என்று பார்த்ததுமே தெரிந்தது. மாமியார் போனில் நேரம் வாங்கியிருந்த கணக்கில் இரண்டு டோக்கன் வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டார். ஒன்று ஸ்கேனுக்கு, ஒன்று டாக்டருக்கு என்று டீச்சர் நினைத்தாள்.

"பதிமூணு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"நாங்க பதினஞ்சு" என்றாள் டீச்சர் பெஞ்சைப் பார்த்து, அழாத குறையாக. "வழியில தண்ணி லாரி வேற. குழாய் ஒழுகிட்டே வந்துச்சு."

பெஞ்ச் மொத்தமும் "ஐயோ!" என்றது. ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னொருத்திக்குத் தொண்டையில் கிளுக்கென்றது. அது ஒவ்வொருவராகத் தொற்றி அந்தக் கோடி வரை போனது.

"யாராவது சிரிச்சீங்க, உள்ள தள்ளிடுவேன்" என்றார் போலீஸ்காரம்மா, சொல்லும்போதே அவருக்கும் உதடு துடித்தது. அதற்கப்புறம் யாரால் அடக்க முடியும்? பாதி சிரிப்பும் பாதி அலறலுமாக அந்த வராந்தா ஒரு வழியாகிவிட்டது.

பதினைந்து வந்தது. ஸ்கேன் எடுக்கும் பெண், "ஜெல் கொஞ்சம் சில்லுனு இருக்கும்" என்று சொல்லி, வயிற்றில் தடவி, கருவியை வைத்து அமுக்கினாள். அமுக்கினாள்! அந்த இடத்தில்! டீச்சர் கட்டிலின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இங்க பாருங்க. பெருசா கருப்பா தெரியுதே, அது நீங்க குடிச்ச தண்ணி. அதுதான் சன்னல் மாதிரி, அது வழியாத்தான் பின்னால இருக்கிறது தெரியும். இது கர்ப்பப்பை. நல்லா இருக்கு. இது இடது சூலகம். இது வலது. இதுல இருக்கு பாருங்க உங்க ஆளு."

திரையில் வலப்பக்கம் ஒரு கருப்பு உருண்டை. சுற்றிலும் மெல்லிய கோடு. மூன்று மாதமாக கிரீஸ் போட்டும் போகாத வலி அங்கே உருண்டையாக உட்கார்ந்திருந்தது. "கர்ப்பப்பை நல்லா இருக்கா? இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேட்டாள். அந்தப் பெண் இன்னொரு தடவை சொன்னாள். அப்புறம், "போய்ட்டு வாங்க, அந்தக் கதவு" என்று கையைக் காட்டினாள்.

அந்தக் கதவுக்குப் பின்னால் டீச்சர் அடைந்த சுகத்தைச் சொல்ல வார்த்தை கிடையாது. உலகமே நல்லதாகத் தெரிந்தது. தண்ணீர் லாரிக்காரனைக்கூட மன்னித்துவிட்டாள்.

வெளியே வந்தபோது, "பதினாறு" என்றது குரல். மாமியார் எழுந்தார்.

"அத்தை, நம்மளுது முடிஞ்சுது. பதினஞ்சுதான் நாம."

"உன்னுது முடிஞ்சுது. இது என்னுது."

டீச்சர் அவர் கையிலிருந்த டோக்கனைப் பார்த்தாள். அப்புறம் காலி பாட்டிலைப் பார்த்தாள். பதினோரு வேகத்தடையும் தன்னோடு சேர்ந்து தாண்டிய இன்னொரு லிட்டர் அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"என்ன அத்தை உங்களுக்கு?"

மாமியார் நூலகக் குரலுக்கும் கீழே ஒரு குரலில் சொன்னார். "எனக்கு மாதவிலக்கு நின்னு ஏழு வருஷம் ஆச்சு. அஞ்சு மாசமா மறுபடியும் துளித்துளியா வருது. நின்னதுக்கப்புறம் ஒரு துளி வந்தாலும் போய்க் காட்டணும்னு புஸ்தகத்துல படிச்சிருக்கேன். அந்தப் புஸ்தகத்தை ஆயிரம் பேருக்கு எடுத்துக் குடுத்திருக்கேன். எனக்குன்னு வந்தப்ப, தெருமுனை டாக்டர் ஸ்கேன் சீட்டு எழுதிக் குடுத்தும் மூடி வச்சுட்டேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"எப்படிச் சொல்றது? பஸ்ல போனா பழைய நூலகத்து வாசல்ல நிக்கும், எங்கேன்னு நாலு பேரு கேப்பாங்க. ஆட்டோக்காரங்க எல்லாம் நான் புஸ்தகம் குடுத்து வளந்த பசங்க. அதான் கார் கத்துக்கிட்டா யாருக்கும் தெரியாம நானே போய்ட்டு வந்துடலாம்னு..."

நாலு மாதம். மூன்று டெஸ்ட். லைசென்ஸ் கிடைத்திருந்தால் இவர் எப்போதோ இங்கே வந்திருப்பார். ஒவ்வொரு தடவையும் 'பத்திரம், பத்திரம்' என்று பிரேக்கில் போய் விழுந்தது தன் கால். அவளுக்கு அழுகையும் வந்தது, தன்மேல் கோபமும் வந்தது. மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க சீட்டை எங்க அத்தை ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

"உன் சீட்டுக்குப் பக்கத்துப் பலகையிலதான்" என்றார் மாமியார். "என் பக்கத்துப் பலகையில."

உள்ளே போன மாமியார் அரை நிமிஷத்தில் வெளியே ஓடிவந்தார். வாழ்நாளில் ஓடாத மனுஷி! "எனக்கு வேற மாதிரி ஸ்கேனாம். உள்ள வச்சுப் பாக்குறது. அதுக்கு சிறுநீர்ப்பை காலியா இருக்கணுமாம்! முதல்லயே சொல்லக் கூடாதா?" என்று சொல்லிக்கொண்டே அந்தக் கதவுக்குள் மறைந்தார். பெஞ்ச் மறுபடி ஒரு தடவை கலகலத்தது.

டாக்டர் இரண்டு பேரையும் சேர்த்தே உட்காரவைத்துப் பேசினார். முதலில் டீச்சர்.

"நாலரை சென்டிமீட்டர். ஒரு எலுமிச்சம்பழம் அளவு. மாசா மாசம் சூலகத்துல ஒரு சின்னப் பைக்குள்ள முட்டை வளரும். நேரம் வந்தா பை திறந்து முட்டையை விட்டுடும். சில மாசம் திறக்காம, உள்ள தண்ணி சேந்து உக்காந்துக்கும். நீர்க்கட்டின்னு சொல்வோம், உங்களுதும் அப்படித்தான் தெரியுது. மெலிசான தோல், உள்ள வெறும் தண்ணி. பெரும்பாலும் ரெண்டு மூணு மாசத்துல தானா வத்திடும்."

"கர்ப்பப்பையை எடுக்கணுமா டாக்டர்?"

"ஹாரன் கத்துச்சுன்னா இன்ஜினைக் கழட்டுவீங்களா?"

"மாட்டேன். ஆனா பிரேக்கைக் கழட்டினேன்" என்றாள் டீச்சர். கிரீஸ் கதையைச் சொன்னதும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"எட்டு வாரம் கழிச்சு மறுபடி ஸ்கேன். நடுவுல திடீர்னு தாங்க முடியாத வலி, வாந்தி, மயக்கம்னு வந்தா மட்டும் ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்காதீங்க. சில சமயம் சூலகம் முறுக்கிக்கும், உடனே வந்துடணும்."

அப்புறம் மாமியார். கர்ப்பப்பையின் உள்பக்கத்தில் சின்னதாக ஒரு சதை வளர்ந்திருக்கிறது, எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பவேண்டும், பெரும்பாலும் பயப்படுகிற மாதிரி இருக்காது, ஆனாலும் பார்க்காமல் சொல்லமாட்டேன் என்றார் டாக்டர். "நீங்க முதல் துளி வந்த அன்னைக்கே வந்திருக்கணும்மா" என்றார் கோபமில்லாமல். மாமியார் தலையை ஆட்டினார்.

அடுத்த வாரம் எடுத்தார்கள். முடிவு வரப் பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளில் டீச்சர் தன் எலுமிச்சம்பழத்தை மறந்தேபோனாள். மகனுக்கு மாமியாரே போன் பண்ணிச் சொன்னார். அவன் இந்தத் தடவை சிரிக்கவில்லை, லாரியை ஓரங்கட்டிவிட்டு அழுதான். பதினோராம் நாள் டாக்டரே கூப்பிட்டார். ஒன்றுமில்லை, சாதாரண வளர்ச்சி, எடுத்தாயிற்று, முடிந்தது. டீச்சர் மாமியாரைக் கட்டிப்பிடித்துத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். "வயித்துக்குள்ள கட்டியை வச்சுக்கிட்டு இந்த ஆட்டம் தேவையா உனக்கு?" என்று மாமியார் சத்தமாகத் திட்டினார். அவர் சத்தமாகத் திட்டி வீடு கேட்டது அதுதான் முதல் தடவை.

நாலாவது டெஸ்ட்டில் டீச்சர் மைதானத்துக்கு வெளியே நின்றாள். பீப்பாய் நெருங்க நெருங்க அவள் வலது கால் மண்ணைப் போட்டு அமுக்கியது. செருப்பு வார் அறுந்தது. கார் பீப்பாய்க்கு ஒரு முழம் முன்னால் அழகாக நின்று, திரும்பிப் போனது. எட்டாவது வாரம் ஸ்கேனில் எலுமிச்சம்பழம் இருந்த இடமே தெரியவில்லை. திரும்பிவரும்போது டீச்சர் ஒவ்வொரு வேகத்தடைக்கும் கண்ணை மூடிக் காத்திருந்தாள். சுருக் வரவேயில்லை.

இது இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அன்று தெருமுனையில் மாமியார் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, எதிர்வீட்டு அம்மாவிடம் தெருவே கேட்கும்படி சொன்னார்:

"இவளுக்குச் சூலகத்துல நீர்க்கட்டி இருந்துச்சு, இப்ப இல்ல! எனக்குக் கர்ப்பப்பையில இருந்துச்சு, எடுத்தாச்சு! நீ இடுப்பைப் பிடிச்சுக்கிட்டே நடக்கிறியே, எத்தனை நாளா? சீட்டை எங்க ஒளிச்சு வச்சிருக்கே?"

எதிர்வீட்டு அம்மா சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு முந்தானை முடிச்சை மெதுவாக அவிழ்த்தார்.

இப்போது சனிக்கிழமைதோறும் பத்தே முக்காலுக்கு அந்தக் கார் கிளம்புகிறது. ஸ்டியரிங்கில் மாமியார், பக்கத்திலும் பின்னாலும் தெருவிலிருந்து நாலு பேர். டீச்சருக்கு அந்தக் காரில் இடமில்லை, வாசலில் நின்று கையசைப்பதோடு சரி. போன சனிக்கிழமை நாலு பேருக்கும் ஸ்கேன். நாலு லிட்டரும் காலுக்கு மேல் காலைப் போட்டு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. மாமியார் பெல்ட்டைப் போட்டு, கண்ணாடியில் நாலு முகத்தையும் பார்த்தார்.

"பயமா இருக்கா?"

"பயமெல்லாம் இல்லக்கா" என்றது பின்சீட்டிலிருந்து ஒரு குரல். "சீக்கிரம் போங்க!"

கார் முதல் வேகத்தடையை நோக்கிப் போனது. வாசலில் நின்ற டீச்சரின் வலது கால் தானாக உயர்ந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள்.